சுங்கத் தரகரா, சுங்க முகவரா?

சென்னை ராஜாஜி சாலையில் சுங்க மாளிகையைத் தாண்டி லிங்கி செட்டி தெருப் பக்கம் போனால், மாடிப்படி ஓரமெல்லாம் பெயர்ப்பலகைகள். ஒன்றில் ‘கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங்’, இன்னொன்றில் ‘சி.எச்.ஏ.’ (கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்), வேறொன்றில் ‘கஸ்டம்ஸ் புரோக்கர்’. துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் வேலைதான் எல்லாம். இதைத் தமிழில் ‘சுங்கத் தரகர்’ என்று எழுதுகிறோம். அந்தச் சொல் பொருந்தவில்லை.

முதலில் சுங்கம். வடமொழி ‘சுல்க’, பாலியிலும் பிராகிருதத்திலும் ‘சுங்க’ என்றாகி நம்மிடம் வந்தது. பழைய இலக்கியத்தில் இதற்குச் சொல் உல்கு. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்கிறது குறள். பரிமேலழகர் அதற்குச் சுங்கம் என்றே பொருள் சொல்லி, ‘கலத்தினும் காலினும் வரும் பண்டங்கட்கு இறையாயது’ என்கிறார். கப்பலில் வந்தாலும் தரைவழியே வந்தாலும் சரக்கின்மேல் விழும் வரி. எவ்வளவு கச்சிதமான விளக்கம்! பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு வாங்குவோர் மூட்டைகள்மேல் புலிச் சின்னம் பொறித்து வெளியே விடுகிறார்கள். உல்குவும் ‘சுல்க’வின் திரிபே என்பாரும் உண்டு. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ ஆன காலத்திலேயே ஊருக்குத் தெரிந்த சொல் சுங்கம். அதை மாற்றத் தேவையில்லை. ‘ஆயம்’ என்று எழுதினால், ஆயத்தீர்வை என்ற மதுவுக்கான வரித்துறையோடு குழம்பும்.

சிக்கல் தரகரில்தான். வீட்டுத் தரகர், மாட்டுத் தரகர் என்கிறோமே, அவர் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துத் தரகு வாங்குபவர். பேரம் முடிந்தால் அவர் வேலையும் முடிந்தது. துறைமுகத்தில் எந்தப் பேரமும் இல்லை. இறக்குமதியாளர் பெயரில் ஆவணம் போட்டு, வரியைக் கணக்கிட்டு, அதிகாரி முன் அவர் சார்பாக நிற்பவருக்கு முகவர் என்றுதான் பெயர். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி உரிமம் பெறும் இவர்களை முன்பு ஏஜென்ட் என்றார்கள். 2013 விதிமுறைகளில் புரோக்கர் ஆனார்கள். ஆனால் இப்போதுள்ள 2018 விதிமுறையிலும், இறக்குமதியாளர், ஏற்றுமதியாளர் சார்பில் முகவராகச் செயல்படுபவர் என்றுதான் வரையறை இருக்கிறது. தன்னை அமர்த்திய வாடிக்கையாளர் சட்டத்தை மீறினால் அதிகாரியிடம் சொல்ல வேண்டிய கடமையும் இவருக்கு உண்டு. எந்த மாட்டுத் தரகருக்கு இப்படியொரு கடமை இருக்கிறது?

சிறு தீவுக்குச் சரக்கு அனுப்பினால் இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். அந்தமான் நம் நாட்டுக்குள் இருப்பதால் அங்கே போகும் உள்நாட்டுச் சரக்குக்குச் சுங்க வரி கிடையாது. மாலத்தீவு அப்படியில்லை. வெங்காயம்கூட வெளியிலிருந்து வர வேண்டிய இடம் அது. இங்கே ஏற்றுமதி ஆவணம் போட ஒருவர், மாலேயில் சரக்கை விடுவிக்க இன்னொருவர். சரக்கு விலைக்கு மட்டும்தானே வரி என்று நினைத்துவிடக் கூடாது. கப்பல் கூலியையும் காப்பீட்டையும் கூட்டித்தான் மதிப்பு. ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்குக்குக் கூலி 20,000, காப்பீடு 1,000 என்றால், 10 சதவீத வரி 10,000 இல்லை, 12,100. மதுவும் பன்றி இறைச்சியும் அங்கே தனி அனுமதி இல்லாமல் இறங்காது. இதையெல்லாம் பெட்டி கட்டும் முன்பே சொல்ல வேண்டியவர் முகவர்.

அவர் தரும் பில்லைப் பாருங்கள். சுங்க வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் போட்டு, தனக்கான தொகைக்கு நேரே ‘ஏஜென்சி சார்ஜ்’ என்று எழுதியிருப்பார். ‘முகவர் கட்டணம்’ என்று தமிழில் அப்படியே எழுதலாம்.