ஊட்டியில் சிப் வார்த்தால்: ரத்தத்தில் புற்றுச் செல் தேடும் நுண்குழாய்

ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் சுமார் 500 கோடி, வெள்ளையணுக்கள் 40 லட்சம் முதல் 1 கோடி. கட்டியிலிருந்து கழன்று வந்த புற்றுச் செல்லோ, நோய் பரவியவர்களிடமே பெரும்பாலும் பத்துக்குள்தான். குன்னூர்த் தேயிலை ஆலையில் தூள் சலிப்பதுபோல் அளவு பார்த்துச் சலித்தால் 8 மைக்ரான் சிவப்பணு விழுந்துவிடும். பெரிய வெள்ளையணுவும் சிறிய புற்றுச் செல்லும் ஏறக்குறைய ஒரே பருமன். அங்கே சல்லடை தோற்கிறது.

துருக்கியில் பிறந்த பொறியாளர் மெஹ்மெத் டோனர், செல்களை உறையவைத்துக் காக்கும் ஆராய்ச்சியிலிருந்து இந்தச் சிக்கலுக்கு வந்தவர். பாஸ்டனில் அவர் குழு 2007-இல் வெளியிட்ட சிப்பில், அதாவது ரத்தம் ஓடும் நுண்வழிகள் கொண்ட சிறு தகட்டில், 78,000 நுண்தூண்கள். புற்றுச் செல்லின் மேற்பரப்பில் உள்ள எப்காம் என்ற புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடி அவற்றின்மேல் பூசியிருந்தது. 2010-இல் தூண்கள் போய் மீன்முள் வடிவ வரிப்பள்ளங்கள் வந்தன. ரத்தம் அதில் சுழன்று செல்லைச் சுவரோடு உரச வைக்கும். ஆனால் பரவும் செல்களில் சில எப்காமையே இழந்துவிடுகின்றன. ஆன்டிபாடிக்குப் பிடி கிடைக்காது. அதனால் 2013 சிப்பில், காந்த மணி ஒட்டிய வெள்ளையணுக்களை இழுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்க்கும் வழியும் வந்தது. எது வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் வேண்டாததை நீக்குவது. இந்த வரிசையில் மிக முக்கியமான யோசனை இதுதான்.

மீன்முள் சிப்பை பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் வார்ப்பார்கள். 10 பங்கு பிசினுக்கு 1 பங்கு கெட்டியாக்கி, தராசில் எடை போட்டு. லேடெக்ஸ் கையுறை கூடாது. அதிலுள்ள கந்தகம் பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுக்கும். கலக்கும்போது ஏறிய காற்றை வெற்றிட ஜாடியில் எடுக்க வேண்டும். சென்னையில் 29 பாதரச அங்குலத்தைத் தாண்டும் வெற்றிட மானியின் முள், 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 23 பக்கத்திலேயே நின்றுவிடும். பம்ப் பழுதில்லை. வெளிக்காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். முள்ளைப் பார்க்காமல் பிசினைப் பாருங்கள்: நுரை பொங்கி, உடைந்து, கண்ணாடிபோல் தெளிய வேண்டும். பிறகு அடுப்பில் 80 டிகிரி, 2 மணி நேரம். ஊட்டிக் குளிரில் வெளியே வைத்து இறுகும் என்று காத்திருப்பது வீண்.

கண்ணாடித் தகட்டில் ஒட்டுமுன் இரண்டு பரப்பையும் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னேற்றிய வாயு; ரத்தப் பிளாஸ்மா அல்ல) காட்டுவார்கள். பனிமூட்ட நாளில் குளிர்ந்த தகட்டில் ஈரம் படியும். ஒட்டு ஓரத்தில் விட்டு ரத்தம் கசியும். முதலில் தகட்டைச் சூடாக்கி உலர்த்தினால் தீரும்.

பெரிய தொல்லை குமிழிதான். சமவெளியில் அடைத்த பஃபர் (சிப்பில் செலுத்தும் உப்புக் கரைசல்) புட்டியை மலையில் திறந்தால், சோடா போலக் கரைந்த காற்று வெளியேறப் பார்க்கும். குளிர்ந்த பஃபர் 37 டிகிரி சிப்புக்குள் போனாலும் அப்படியே. நகரும் குமிழி, சுவரில் பிடித்த செல்களை வழித்துக்கொண்டு போய்விடும். பல மணி நேர வேலை ஒரு நொடியில் போகும். ஆகவே பஃபரை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்த பிறகே செலுத்த வேண்டும்.

ரத்தம் மணிக்கு 1 மில்லி அளவில்தான் போகும். அதற்குள் சிரிஞ்சில் சிவப்பணு அடியில் படிந்துவிடும் என்பதால், ஓட்டம் முடியும்வரை சிரிஞ்சை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.