‘சர்வர் இல்லை, நாளைக்கு வாருங்கள்’: கணினி முடங்கும் நாளில் உங்கள் உரிமை என்ன?

மாதத்தின் கடைசி நாள். ரேஷன் கடை வாசலில் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். கருவியில் விரலை வைத்தார், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். “சர்வர் இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்றார் விற்பனையாளர். நாளை என்றால் அடுத்த மாதம். தன் விரலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு அவர் வெறும் பையோடு திரும்பிப் போனார்.

அவரைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது. விரல்ரேகை பதியவில்லை, இணைப்பு கிடைக்கவில்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவு, பொது விநியோகத் துறை 2017 அக்டோபர் 24 அன்றே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பொருளைக் கொடுத்துவிட்டு, விதிவிலக்காகக் கொடுத்ததைத் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். விதி அவ்வளவுதான். அது கடை வாசல் வரை வந்து சேர்வதில்தான் சிக்கல்.

“பதிவேடெல்லாம் எங்களிடம் கிடையாது, தாலுகா ஆபீஸில் கேளுங்கள்” என்பார்கள். தாலுகா அலுவலகத்திலோ “கடையில் கொடுப்பார்களே” என்பார்கள். இந்த இரண்டு படிகளுக்கு இடையில் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் கடையை விட்டு நகர்வதற்கு முன்பே, கருவி வேலை செய்யாமல் இருக்கும்போதே, 1967 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “வைத்துவிட்டுப் போங்கள்” என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். முத்திரை விழாத மனு அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை வரவே இல்லை.

இன்னொரு பொறி, செல்பேசி எண். விரல் பதியாதபோது அட்டையோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பிப் பொருள் தரும் வழி இருக்கிறது. ஆனால் பல அட்டைகளில் இருப்பது விண்ணப்பம் போட்டுக்கொடுத்த பிரவுசிங் சென்டர்காரரின் எண், அல்லது மகன் எப்போதோ மாற்றிவிட்ட பழைய எண். உங்கள் அட்டையில் எந்த எண் இருக்கிறது என்று கருவி ஒழுங்காக ஓடும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தவரை மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் பொருளை வாங்கிவிடுங்கள்.

அடுத்து வங்கி. ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, அந்தப் பணம் 5 நாள்களுக்குள் கணக்கில் திரும்ப ஏறியிருக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 100 ரூபாய் தர வேண்டும், அதுவும் நீங்கள் கேட்காமலே. கேட்காமல் தந்த வங்கியை நான் இதுவரை பார்க்கவில்லை. கழிந்த தொகை திரும்ப வந்ததே போதும் என்று எல்லோரும் நிம்மதியாகி விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

“அது எங்கள் ஏடிஎம் இல்லை, அந்த வங்கியில் போய்ச் சொல்லுங்கள்” என்பது இங்கே வழக்கமான அலைக்கழிப்பு. நம்பாதீர்கள். எந்த வங்கியின் ஏடிஎம்மாக இருந்தாலும், புகாரை வாங்க வேண்டியது உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கி. ஏடிஎம் சீட்டை மடித்துப் பர்ஸில் வைப்பதும் பயன்படாது. அது வெப்பத்தில் அச்சாகும் தாள். புகார் மேசைக்கு மூன்றாவது முறை போகும்போது எழுத்து மங்கி வெள்ளைத் துண்டாகியிருக்கும். அங்கேயே படம் எடுங்கள். சீட்டு வரவில்லை என்றால் நேரத்தையும், ஏடிஎம் மீது எழுதியிருக்கும் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யுபிஐ-யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகவில்லை என்றால் 5 நாள். தாமதத்துக்கு இங்கேயும் நாளுக்கு 100 ரூபாய். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது போன்ற நாளில், மக்கள் செய்யும் பெரிய தவறு அவசரத்தில் மறுபடி மறுபடி அனுப்புவது. முதல் முறை அனுப்பியது நிலுவையில் இருக்கும்போது இரண்டாவது முறை அனுப்பி, இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டால் அது ‘தோல்வியடைந்த பரிவர்த்தனை’ ஆகாது. விதி உங்களைக் காப்பாற்றாது, கடைக்காரரின் நேர்மைதான் காப்பாற்ற வேண்டும். எண்ணைத் தவறாகப் போட்டு வேறொருவருக்கு அனுப்பியதும் இதில் வராது.

புகாரை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அது புகாரே இல்லை. செயலியிலோ மின்னஞ்சலிலோ கிளையிலோ பதிவு செய்து எண் வாங்குங்கள். யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வழி தெரியாவிட்டால் 14448-ல் கேளுங்கள். வங்கியில் எழுதிக் கேட்காமல் நேரே குறைதீர்ப்பாளரிடம் போன மனுவைத் தள்ளிவிடுவார்கள். நியாயமான மனுக்கள் பலவும் இந்த இடத்தில்தான் வீணாகின்றன.

முடக்க நாளில் இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ தேடாதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யாராவது ஓடிபியோ ரகசிய எண்ணோ கேட்டால் இணைப்பைத் துண்டியுங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டில் என்ன வைத்திருப்பது? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லும் அவசரகாலப் பையில் டார்ச், மாற்று பேட்டரி, பேட்டரி ரேடியோ, மருந்து ஆகியவற்றோடு ரொக்கம், ஆதார் அட்டை, ரேஷன் அட்டை மூன்றும் இருக்கின்றன. செல்பேசியில் படமாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நினைத்துப் பார்க்கட்டும். மின்சாரமும் சிக்னலும் போன சென்னைத் தெருக்களில், கணக்கில் பணம் இருந்தவர்கள்கூடப் பால் பாக்கெட் வாங்க முடியாமல் நின்றார்கள். ரொக்கத்தை 10, 20, 50, 100 தாள்களாக வையுங்கள். 500 ரூபாய்த் தாளுக்குச் சில்லறை தர அன்று யாரிடமும் இருக்காது. ஒரு வாரப் பாலுக்கும் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் தொகை போதும். வீட்டில் இரண்டு பேரின் கணக்கு வெவ்வேறு வங்கிகளில் இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்பதும் தாளில் இருக்கட்டும். இன்று பாஸ்புக்கை எடுத்துக் கடைசி வரி எந்த மாதத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். வங்கியின் அச்சு இயந்திரத்தில் ‘பழுது’ என்று தாள் ஒட்டியிருந்தால் திரும்பி வந்துவிடாமல், உள்ளே கவுன்ட்டரில் கொடுத்து வரவு செலவைப் பதிந்து வாங்குங்கள்.