சென்சஸில் தாத்தா பெயர் கிடைக்காது

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு அம்மா வாட்ஸப்பில் கல்லறைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். பாசி பிடித்த கல், பாதி மண்ணுக்குள். "இவர் என் தாத்தாவின் அப்பா. 1881 சென்சஸைப் பார்த்து இவருடைய ஊரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா?" என்று கேட்டிருந்தார். ஏற்கெனவே ஒருவர் 'எடுத்துத் தருகிறேன்' என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, அப்புறம் போனையே எடுக்கவில்லையாம்.

பழைய ஆவணங்களைப் படித்து வம்சாவளி தேடிக் கொடுப்பது என் தொழில். சென்சஸ் கேள்வி மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். 1881-ல் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினார்கள், உண்மைதான். ஆனால் எண்ணிக்கை எடுத்து முடித்ததும் படிவங்களை அழித்துவிட்டார்கள். மிஞ்சியது அட்டவணைகள் மட்டுமே: எந்தத் தாலுகாவில் எத்தனை பேர், என்ன சாதி, என்ன தொழில். சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்த கணக்குகளை 1948-ஆம் வருஷச் சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பூட்டி வைத்திருக்கிறது. நாம் போய்க் கேட்டாலும் காட்ட மாட்டார்கள். இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே 1841 முதல் பெயர்வாரிக் கணக்கு இருக்கிறது, நூறு வருஷம் கழித்துத் திறந்துவிடுவார்கள்; 1921 கணக்கு 2022 ஜனவரியில் வெளியானது. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மவர்களும் இங்கே அதையே தேடுகிறார்கள். ஆகவே, இந்திய சென்சஸிலிருந்து உங்கள் கொள்ளுத்தாத்தாவை எடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, கல்லறைக்கு வருவோம். அந்த அம்மாவின் மருமகன், எழுத்து தெரியவில்லை என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு கிளம்பியிருந்தார். நல்லவேளை, போனில் பிடித்துவிட்டேன். ஆசிட், கம்பி பிரஷ் இரண்டும் கல்லின் மேல்தோலை எடுத்துவிடும்; எழுத்து இருப்பதே அந்தத் தோலில்தான். தண்ணீர், மெத்தென்ற பிரஷ், அவ்வளவு போதும். அதைவிட முக்கியம் வெளிச்சம். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் விளிம்பிலிருந்து ஓரமாக அடித்து எடுத்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து வரும். பக்கத்துக் கல்லறைகளையும் எடுக்கச் சொன்னேன். சொந்தக்காரர்களை அருகருகே புதைப்பது வழக்கம்.

இரண்டாவது படத்தில் 'ராட்சசளு மாசிமீ' என்று தெரிந்தது. குடும்பத்தில் பெரிய குழப்பம். 'ராட்சசளு' என்பதை அவர்கள் பெயர் என்று நினைத்து, "நாம் தெலுங்குக்காரர்களா?" என்று ஒரு வாரம் விவாதித்திருக்கிறார்கள். அது பெயர் இல்லை, ராட்சச வருஷம், மாசி மாதம். பழைய தமிழில் வருஷத்துக்கும் மாதத்துக்கும் தனிக் குறிகள் உண்டு. பார்வைக்கு அவை 'ளு', 'மீ' போலவே இருக்கும். எண்களும் இப்படித்தான் ஏமாற்றும். ௧ 'க' மாதிரி, ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி. தேய்ந்த கல்லில் தேதியை இனிஷியல் என்று படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறுபது வருஷச் சுற்றில் ராட்சச 1855, 1915, 1975 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறக்கிறது. மாசி வருவது அடுத்த ஆங்கில வருஷத்தில். ஆக, இறந்தது 1856, 1916, 1976 இவற்றில் ஒன்றில். மெட்ராஸிலிருந்து, டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் ட்ரூரோ டர்பன் சேர்ந்ததே 1860 நவம்பர் 16-ல்தான். 1976-ல் அந்த அம்மாவே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருந்தார். மிச்சம் 1916.

இறந்த வருஷம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இந்த வேலையில் முன்னோக்கி வரக் கூடாது, பின்னோக்கித்தான் போக வேண்டும்: சாவு, கல்யாணம், பிள்ளைகள் பிறப்பு, அப்புறம் கப்பல். நேட்டாலுக்குப் போன ஒவ்வொரு கூலிக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். 1911-ல் ஒப்பந்தம் நிற்கும்வரை போனவர்கள் 1,52,184 பேர். பெயர் பத்து விதமாக மாறும், நம்பர் மாறாது. பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் அப்பா நம்பர், அம்மா நம்பர் என்று எழுதியிருப்பார்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு மடித்த காகிதத்தில்தான் இவர்களுக்கும் அந்த நம்பர் கிடைத்தது. நான் மூன்று மாதம் செய்கிற வேலையை ஒரு டிரங்குப் பெட்டி பத்து நிமிஷத்தில் செய்துவிடும். சொந்தச் செலவில் போன வியாபாரிகளுக்கு இந்த நம்பர் கிடையாது, அவர்களைத் தேடும் வழி வேறு.

நம்பரை வைத்துக் கப்பல் பட்டியலில் அந்த வரியை எடுத்தோம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம். இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருந்தது. அந்த அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார், எந்தக் கால், இடதா வலதா என்று.

வயதை நம்பாதீர்கள். பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. சாதியையும் முழுதாக நம்ப வேண்டாம். கப்பலில் ஒன்று, அங்கே போய் வைத்துக்கொண்ட பட்டம் வேறொன்று என்பது சகஜம். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் முதலி 'மூட்லி' ஆனதும் எழுத்தர்களின் காது செய்த வேலை. ஊர்ப் பெயரைக் கண்ணால் படித்தால் புரியாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். 'வாண்டிவாஷ்' வந்தவாசி, 'சிங்கிள்புட்' செங்கல்பட்டு.

ஜில்லாவில் இன்னொரு பொறி இருக்கிறது. பட்டியலில் வடஆற்காடு என்று இருந்தால் நேரே வேலூருக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அந்த நாள் வடஆற்காடு ஜில்லாவின் தலைநகரமே சித்தூர். 1911-ல்தான் சித்தூர் தனி ஜில்லாவானது. உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். இந்தப் பக்கம் மிஞ்சியதும் 1989-ல் பிரிந்தது, 2019-ல் மறுபடி பிரிந்தது. ஜில்லாவை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போனபின் கல்லறை உதவாது; பெரும்பாலும் எரித்திருப்பார்கள், புதைத்தாலும் கல் நட்டிருக்க மாட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. மற்றவர்களுக்கு நான் நம்புவது சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பத்திரங்களை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் எல்லோரையும் 'இன்னார் குமாரர்' என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். நிலமே இல்லாதவர்தானே கப்பலேறினார் என்பீர்கள். பாதி சரி. கப்பலேறியவருக்கு இல்லாவிட்டாலும் பங்காளிக்கு அரைக் காணி இருந்திருக்கும்.

இவர்கள் விஷயத்தில் பத்திரம் எதுவும் சிக்கவில்லை. எழுத்தர் வெறும் 'புதூர்' என்று எழுதிவிட்டார். மேல்புதூரா, கீழ்புதூரா என்று இல்லை. அந்தத் தாலுகாவில் பொருந்துகிற மாதிரி மூன்று ஊர்கள். நான் அறிக்கையில் மூன்றையும் எழுதி, எதற்கும் ஆதாரம் போதாது என்று குறித்துக் கொடுத்தேன். போன தையில் அந்த அம்மா வந்தார். ஒரு கார் பிடித்து மூன்று ஊருக்கும் போய், மூன்று பிள்ளையாருக்கும் ஆளுக்கொரு தேங்காய் உடைத்துவிட்டு விமானம் ஏறினார்.