தேயிலைக்கு நடுவில் தேனீ என்ன சாப்பிடும்?

கோத்தகிரியில் பெரியம்மா வீட்டுக் கல்சுவரில் ஒரு பொந்து இருக்கிறது. பல வருடமாக அதில் அடுக்குத்தேனீ குடியிருக்கிறது. இருட்டுக்குள் அடைகளை வரிசையாக அடுக்கிக் கட்டும் நம்மூர்த் தேனீதான். வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. இத்தனை பச்சைக்கு நடுவில் இதுகளுக்குச் சாப்பாட்டுக்கு என்ன குறை என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறை இருக்கிறது. தேயிலையும் பூக்கிற செடிதான், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் கொத்துமாக அழகாகவே பூக்கும். ஆனால் ஓயாமல் கொழுந்து பறித்து, சில வருடத்துக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்தும் பண்ணினால் அது எப்போது பூப்பது? ஆள் கவனிக்காமல் விட்ட தோட்டத்தில்தான் பூவைப் பார்க்கலாம். பராமரிக்கிற தோட்டம் தேனீயின் கணக்கில் வெறும் தரை.

சரி, பறந்து தாண்டிப் போகலாமே என்றால், அதற்கும் செலவு உண்டு. பறக்க எரிபொருளும் அதே சர்க்கரைதான். அடுக்குத்தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் வேலையை முடித்துக்கொள்ளும். பாறை முகட்டில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ உடம்பிலும் பெரிது, இரண்டு கிலோமீட்டர் தள்ளியும் போய் வரும், நல்ல நிலவு இருந்தால் ராத்திரியிலும் பறக்கும். அதனால் ஒரே தோட்டம், சுவர்ப் பொந்தில் இருப்பதற்குப் பட்டினி, பாறையில் இருப்பதற்கு வெறும் வழிப்பாதை. போதாததற்கு மலைத்தேனீ பூக்காலத்துக்கு வந்து, மழை பிடித்ததும் கூட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடும்.

எங்கே பூ இருக்கிறது என்று ஒரு தேனீ கூட்டிலிருக்கும் மற்ற தேனீக்களுக்கு ஆடிக் காட்டும். இதைக் கண்டு சொன்ன கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973ல் நோபல் கிடைத்தது. செங்குத்தான அடையில் நேர் மேலே பார்த்து ஆடினால் சூரியன் இருக்கும் திசை, சாய்ந்து ஆடினால் சூரியனை விட்டு அதே கோணம் விலகிப் போ என்று அர்த்தம். உடம்பை உதறிக்கொண்டு ஓடும் நேரம்தான் தூரம். அந்தத் தூரத்தை அது எப்படி அளக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்து மரம் சடசடவென்று பின்னால் ஓடுமே, அந்த ஓட்டத்தைக் கண்ணால் கூட்டிக்கொண்டே வருகிறது. 2000ல் மாண்டியம் சீனிவாசன் குழுவினர் ஐரோப்பியத் தேனீக்களைச் சில மீட்டரே நீளமுள்ள, சுவர் முழுக்கக் கோலம் போட்ட குறுகலான சுரங்கம் வழியாகப் பறக்கவிட்டார்கள். திரும்பி வந்தவை நூறு மீட்டருக்கும் மேல் போய்வந்த மாதிரி ஆடின! அசைவே தெரியாத தண்ணீர்ப் பரப்பின் மேல் பறந்தால் இதற்கு நேர்மாறு, தூரம் குறைந்து தெரியும். ஆக ஊர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அளவுகோலும். ஆனால் அடுத்த தேனீயும் அதே வழியில் அதே கண்ணோடுதான் போகிறது என்பதால் தப்பு பெரிதாகப் பாதிப்பதில்லை. இன்னொன்று, இந்த ஆட்டத்தில் ‘பூ உயரத்தில் இருக்கிறது’ என்பதற்குச் சொல்லே இல்லை. ஃபிரிஷ் ஒரு கோபுர உச்சியில் சர்க்கரைக் கரைசல் வைத்தபோது, சேதி கேட்டு வந்தவை அடிவாரத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தன. மேடும் பள்ளமுமான நம் மலையில் என்ன செய்யுமோ பாவம், கடைசி கொஞ்ச தூரத்துக்குப் பூவாசனைதான் துணை.

தோட்டத்து நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் கோடையில் ஆரஞ்சு நிறத்தில் பூத்தால் தேன் சொட்டும். கற்பூர மரத்திலும் (யூகலிப்டஸ்) நல்ல தேன். சீகை மரம் (வாட்டில்) மஞ்சள் பஞ்சாகப் பூத்து ஏமாற்றும், அதில் மகரந்தம் மட்டும்தான், பூந்தேன் கிடையாது. இந்த மூன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, பின் இரண்டும் புல்வெளிகளை விழுங்கியது பற்றி எனக்குக் கோபம் உண்டு, தேனீக்கு அந்தக் கோபமெல்லாம் இல்லை. அதன் சிக்கல் வேறு: இப்படி ஒரே சமயத்தில் கொட்டிவிட்டு நின்றுபோனால் மிச்ச மாதங்களுக்கு என்ன வழி? குறிஞ்சியை நம்ப முடியாது, 2018ல் பூத்தது, இனி 2030. ஓடைக்கரைச் சோலை, வேலியோரச் செடி, கீழே சரிவுகளில் நாவல் என்று மாறி மாறிப் பூக்கும் ஏதாவது ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கத்திய பழங்குடிகளான குறும்பர்கள் எடுத்து வரும் தேன் சில நேரம் கசக்கும், அது நாவல் பூத்த காலத்துத் தேன்.

போன வருடம் எதிர்த் தோட்டத்தில் சில்வர் ஓக்குகளை வெட்டி லாரியில் ஏற்றிப் போனார்கள். அதற்கப்புறம் பெரியம்மாவின் மேரக்காய் (சௌசௌ) பந்தலுக்குக் கீழே காலையில் நிற்க முடியவில்லை, அவ்வளவு இரைச்சல்.