அமெரிக்க பிரைமரி: உங்கள் கட்சிப் பதிவை எப்போது சரிபார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. நவம்பர் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதுதான் பிரைமரி. ஒரே கட்சியின் கோட்டையாக இருக்கும் தொகுதிகளில் நவம்பர் வெறும் சடங்கு, நிஜப் போட்டி பிரைமரியிலேயே முடிந்துவிடும். பலர் ஓட்டைக் கோட்டை விடுவதும் இங்கேதான்.

கட்சியில் சேர்வது என்றால் சந்தாவும் கிடையாது, உறுப்பினர் அட்டையும் கிடையாது. வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சியின் பெயருக்கு நேரே போடும் ஒரு குறிதான். நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா, கென்டக்கி மாநிலங்களில் அந்தக் குறி இருந்தால்தான் அந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு கிடைக்கும். நியூயார்க்கில் ஏற்கெனவே பதிவானவர்கள் கட்சி மாற்ற பிப்ரவரி 14 கடைசி நாள். கென்டக்கியில் முந்தைய ஆண்டு டிசம்பர் 31. பென்சில்வேனியா கொஞ்சம் தாராளம், பிரைமரிக்கு 15 நாள் முன்பு வரை மாற்றலாம். 2016-இல் நியூயார்க் கெடு இன்னும் கடுமை: ஏப்ரல் பிரைமரிக்கு முந்தைய அக்டோபரிலேயே மாற்றியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்டதால் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியவில்லை.

டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் கட்சிப் பதிவே இல்லை. ஆனாலும் ஒரு பிரைமரியில் ஒரே கட்சிதான். டெக்சாஸில் மார்ச்சில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மே மாதம் மறுசுற்று நடக்கும். முதல் சுற்றில் ஒரு கட்சிக்குப் போட்டவர் மறுசுற்றில் மற்றக் கட்சிக்குத் தாவ முடியாது. மிச்சிகனில் ஆகஸ்ட் வாக்குச்சீட்டில் இரண்டு கட்சிகளும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருக்கும். ஒரு பதவிக்கு இங்கே, இன்னொரு பதவிக்கு அங்கே என்று குறித்தால் கட்சி சார்ந்த பகுதி முழுவதும் செல்லாது. வாக்குச்சாவடி இயந்திரம் எச்சரிக்கும், வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். தபாலில் அனுப்பியவருக்கு அந்த வாய்ப்பில்லை.

கலிபோர்னியா தனி வழி. 2010-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 14-ஆம் முன்மொழிவின்படி எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில், முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். 2012-இல் 31-ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதியில் நான்கு ஜனநாயகக் கட்சியினர் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்த அந்தத் தொகுதியில் நவம்பரில் மோதியது இரண்டு குடியரசுக் கட்சியினர்! அதிபர் தேர்தலுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. கட்சி சாராதவராகப் பதிந்தவருக்குக் குடியரசுக் கட்சியின் அதிபர் சீட்டு கிடைக்காது. ஜனநாயகக் கட்சிச் சீட்டு கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். எக்கட்சியும் சாராதவர் என்று நினைத்து ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்’ என்ற பெட்டியில் குறிப்பவர்கள் ஏராளம். அது ஒரு தனிக் கட்சி! ‘நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்’ என்பதே சரியான பெட்டி.

மாநிலத் தேர்தல் இணையதளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் பெரும்பாலும் உங்கள் கட்சிப் பதிவு தெரிந்துவிடும். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே பாருங்கள்.

இதெல்லாம் குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அதிபர், காங்கிரஸ் பிரைமரிகளில் ஓட்டுப் போடுவது குற்றம், நாடு கடத்தல்வரை கொண்டுபோகும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கேள்வியும் வரும். குடியுரிமை இல்லாதவர் அங்கே ‘ஆம்’ என்று குறித்துவிடக் கூடாது.