வலிக்கலையே சிஸ்டர் என்கிறவர்களுக்கு

தைப்பூசம் முடிந்து நாலாவது நாள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஓர் அண்ணன், வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். சிவப்புத் தரையில் அவர் நின்ற இடம் ஈரமாக இருந்தது. காலைக் காட்டச் சொன்னேன். “பழனிக்கு நடந்து போனதுல கொப்புளம் சிஸ்டர், வேற ஒண்ணுமில்லை. குன்றக்குடியிலருந்து வெறுங்காலு. வலியே இல்லை, முருகன் பாத்துக்கிட்டான்” என்றார் சிரித்தபடி. கட்டைவிரலுக்குக் கீழே காய்ப்பு, அதன் நடுவில் ஓர் ஓட்டை. துடைக்கப் போன பஞ்சுக் குச்சி உள்ளே இறங்கியது. எலும்பு தட்டுப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

காரைக்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். இந்த மாதிரிக் கால் எனக்கு இது முதல் தடவை இல்லை. அன்று ராத்திரி தூங்கவிடாமல் செய்தது அவருடைய நோட்டுதான். ஐந்து வருடமாக மாதா மாதம் சர்க்கரை அளவு, பிரஷர், கொடுத்த மாத்திரை எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. காலைப் பற்றி ஒரு வரி கிடையாது. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலையை யாரும் செய்வதில்லை, நான் உட்பட.

முதலில் இந்த ‘வலிக்கலையே’யை ஒரு வழி பண்ணிவிடுகிறேன், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நம் ஊரில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளுக்கு வாட்ச்மேன் உண்டு. அவர் சத்தம் போடவில்லை என்றால் திருடன் வரவில்லை என்றும் இருக்கலாம், அவர் செத்தே போயிருக்கலாம். வலி என்பது அந்த வாட்ச்மேன். கட்டுப்படாத சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கும்போது, மிக நீளமான நரம்புகள் முதலில் போகின்றன, அதனால்தான் பாதம். முள் குத்தும், வலிக்காது. கோயில் பிராகாரக் கல் சுடும், தெரியாது. “முன்னாடி பாதம் எரிஞ்சுச்சு, இப்ப நின்னுடுச்சு, குணமாயிடுச்சு” என்று சந்தோஷப்படுகிறீர்களே, எரியவேண்டிய நரம்பே போயிருக்கலாம் என்று யோசித்தீர்களா? வலிக்கிற புண்ணோடு வருகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாதி நிம்மதி. வலிக்காத புண்தான் வயிற்றைக் கலக்குகிறது.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தபிறகு நடக்க முடியாத ஆச்சிகளுக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் திட்டம் போடுகிற இடத்தில் திண்ணையில் உட்கார்ந்து சர்க்கரை பார்க்கிறவளும் இருந்திருந்தால், ‘கால் பார்த்தாச்சா’ என்ற கட்டம் முதல் நாளே வந்திருக்கும். உணவுத் தாள் ஒன்று மேலிருந்து வந்தது. ஓட்ஸ் சாப்பிடச் சொல்லியிருந்தது, கவுனி அரிசியைப் பற்றிப் பேச்சில்லை. இங்கேயோ “கவுனி சர்க்கரைக்கு நல்லதாமே சிஸ்டர்” என்று, சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிளறிய கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அரிசி நல்லதாகவே இருக்கட்டும் ஆச்சி, அந்தச் சீனி?

மாதாந்திரக் கூட்டத்தில் கட்டம் கேட்டேன். படிவம் மாநிலம் முழுக்க ஒன்றுதான், மாற்ற முடியாது என்றார்கள். சரி, ஸ்கேலை வைத்துப் பதிவேட்டின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் நாங்களே ஒரு கோடு போட்டுக்கொண்டோம். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பதுதான் முறை, எங்களிடம் இருந்த ஒன்றும் வளைந்துபோய் டிராயரில் கிடந்தது. அதனால் விரலையே பயன்படுத்துகிறோம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர் மருத்துவமனையில் உருவான சோதனை இது. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு நொடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. ஆறில் இரண்டு தெரியாவிட்டாலும் அது ஆபத்தான கால். எங்கள் தன்னார்வலர் ஒருத்தி இன்னொன்றும் கண்டுபிடித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் “ஆத்தங்குடிக் கல்லு காலுக்குச் சில்லுனு இருக்கா ஆச்சி?” என்று கேட்கிறாள். இது சோதனை இல்லைதான், ஆனால் பேச்சு அங்கிருந்து தானாகக் காலுக்கு வந்துவிடுகிறது. அந்த முதல் வாரமே ஒருவர் பாதத்தில் ஸ்டேப்ளர் பின்னைப் பார்த்தோம். எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்றது. இத்தனை பேர் காலையும் டாக்டர்தான் குனிந்து பார்க்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? செவிலியர், லேப் டெக்னீஷியன், தன்னார்வலர் எல்லோரும் பார்க்கலாம். பார்க்கிறவர்களைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை. உடன் வேலைபார்க்கிற சிஸ்டர்களே, டீ ரூமில் புலம்புவதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். முதல் தடவை ஒதுக்குவார்கள், மூன்றாவது தடவை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குங்கள், நுண்துளை ரப்பரில் செய்தது, மெத்தென்று இருக்கும். ராத்திரி படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ப்பை பிளேடால் சீவுவது, மருந்துக்கடையில் கார்ன் கேப் (காய்ப்பைக் கரைக்கிற மருந்துப் பட்டை) வாங்கி ஒட்டுவது, சுடுதண்ணீரில் காலை ஊறவைப்பது, மூன்றும் வேண்டாம். மெட்டி இறுகியிருந்தால் கழற்றி அளவு மாற்றுங்கள், கழற்றினால் ஆகாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். சின்னப் புண் என்றாலும் அன்றைக்கே வாருங்கள். மஞ்சள் அரைத்துப் போட்டு ஒரு வாரம் பார்க்கிறேன் என்று தயவுசெய்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

பாதயாத்திரை போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மாலை போடுகிறதற்கு முன்னால் ஒருநாள் காலையில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விரல் நுனியில் உணர்வு இல்லை என்று தெரிந்தால் வெறுங்கால் கிடையாது, சாக்ஸும் ஷூவும் போட்டுத்தான் நடக்க வேண்டும். மாத்திரைகளையும் பையில் எடுத்துவையுங்கள். விரதம் இருக்கிற நாட்களில் எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை அன்றைக்கே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.