விரல் நுனி வலிக்கலாம், மணிக்கட்டு வலிக்கக் கூடாது

பொதுத்தேர்வுகள் முடிந்து மூன்று நான்கு வாரங்கள் ஆனதும், கை வலி என்று சொல்லிக்கொண்டு மாணவர்கள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் என் இயன்முறை சிகிச்சை அறைக்கு வருகிறார்கள். இவர்கள் விளையாடி விழுந்தவர்கள் அல்லர். விடுமுறையில் கிதார், கீபோர்டு, வீணை, மிருதங்கம் என்று ஏதோ ஒன்றைப் புதிதாகக் கற்கத் தொடங்கியவர்கள். பெரும்பாலும் வீட்டில் தைலம் தேய்த்து, எண்ணெய் போட்டு நீவிவிட்டு, கிரேப் பேண்டேஜ் சுற்றிப் பார்த்துப் பலனில்லாமல் போன பிறகே வருகிறார்கள். வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இதை நிறுத்திவிடலாமா?" என்பது. நிறுத்த வேண்டிய நிலையில் இருந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கெல்லாம் வாத்தியத்தின் அளவையோ, பயிற்சி நேரத்தையோ மாற்றியதே போதுமானதாக இருந்தது. கீழே வரும் நிகழ்வுகளில் யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

முதலில் கையைப் பற்றி ஒரு செய்தி. விரல்களை மடக்கி நீட்டும் வலுவான தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. உள்ளங்கைப் பக்கம் உள்ள ஒரு குறுகிய சுரங்கத்தின் வழியே ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டு நேராக இருக்கும்போது இந்த ஏற்பாட்டுக்குக் குறையில்லை. அதை அதிகமாக வளைத்து வைத்துக்கொண்டு விரல்களைத் திரும்பத் திரும்ப அசைக்கும்போதுதான் உராய்வும் அழுத்தமும் கூடுகின்றன. தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது புதிய வேலைக்குப் பழக மாதங்கள் பிடிக்கும். ஆர்வமோ முதல் நாளே முழு வேகத்தில் இருக்கும். இந்த மூன்று வேகங்களும் ஒத்துப்போகாததுதான் நான் பார்க்கும் வலிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

பிளஸ் டூ தேர்வை முடித்த மாணவர் ஒருவர் கிதார் கற்கத் தொடங்கிய பத்தாம் நாளில் வந்தார். வகுப்பில் சேரவில்லை, கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்தே, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் வாசித்திருக்கிறார். இடது முன்கை முழுவதும் இறுகிப்போயிருந்தது. கிதாரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். எஃகுக் கம்பிகள் பூட்டியது. கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நின்றன. எஃகுக் கம்பி கிதாரில் ஆறு கம்பிகளின் இழுவிசையைக் கூட்டினால் பொதுவாக 70 கிலோவைத் தாண்டும். நைலான் கம்பி கிதாரில் அது 40 கிலோவை ஒட்டியே இருக்கும். போதாததற்கு, ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் பிடியை அவர் முதல் வாரத்திலேயே முயன்றிருக்கிறார். அவர் விரும்பிய பாட்டில் அந்தப் பிடி இருந்ததாம். கிதார் பழுது பார்க்கும் கடையில் கம்பியின் உயரத்தைக் குறைத்து, மெல்லிய கம்பி மாற்றிக்கொள்ளச் சொன்னேன். சிகிச்சையைப் பொறுத்தவரை அதற்கு மேல் நான் செய்தது அதிகமில்லை.

எந்த வாத்தியம் என்று முடிவு செய்யும்போது மாணவரின் விருப்பத்தைக் கேட்கிறோம், அது சரியானதே. ஆனால் அந்த வாத்தியத்தின் அளவு அவருடைய உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கும் நாம், தினமும் தோளோடும் தொடையோடும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு பொருளை அளவு பார்க்காமல் வாங்குகிறோம். வயலின் முழு அளவில் மட்டுமன்றி முக்கால், அரை, கால் அளவுகளிலும் கிடைக்கிறது. இடக்கையை நேராக நீட்டி, வயலினைத் தோளில் வைத்தால், அதன் சுருள் முனை மணிக்கட்டை ஒட்டியோ உள்ளங்கைக்குள்ளோ இருக்க வேண்டும். விரல்களைத் தாண்டிப் போனால் அது பெரிது. கர்நாடக முறையில் சம்மணமிட்டு அமர்ந்து, சுருள் முனையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும்போதும் இந்த அளவு முக்கியம். பெரிய வயலினைச் சமாளிக்கக் குழந்தை முதுகை ஒரு பக்கமாக வளைத்துக்கொள்ளும்.

புல்லாங்குழலிலும் இதே கணக்குத்தான். தாழ்ந்த சுருதிக் குழல் நீளமானது. அதன் துளைகளுக்கு இடையே தூரம் அதிகம். சிறிய கைக்கு, சுருதி கூடிய குட்டையான குழலே ஏற்றது. கீபோர்டு வாங்கும் வீடுகளில் பலவற்றில் அதற்கு மேசை வாங்குவதில்லை. கட்டிலின் மேல் கீபோர்டை வைத்துத் தரையில் அமர்ந்து வாசிக்கும் பிள்ளைகளின் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருக்கிறது. முழங்கையும் கட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

அளவு தவறியதற்கு எனக்கு மறக்காத எடுத்துக்காட்டு, தாத்தாவின் மிருதங்கத்தோடு வந்த ஒரு சிறுவன். பலா மரத்தில் கடைந்த 24 அங்குல நீளத் தாழ்சுருதி மிருதங்கம். வீட்டில் அதன் மீது எல்லோருக்கும் மரியாதை. வலப்பக்க முகமான வலந்தலையையும் இடப்பக்க முகமான தொப்பியையும் ஒருசேர எட்டுவதற்கு அந்தப் பத்து வயதுப் பையன் இரு தோள்களையும் காதுவரை உயர்த்த வேண்டியிருந்தது. வலித்தது கழுத்து, அதனால் தலையணையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த சுருதிக்கான மிருதங்கம் இரண்டு அங்குலம் வரை குட்டையாக இருக்கும். அந்த இரண்டு அங்குலம் பெரியவருக்குப் பொருட்டில்லை. பத்து வயதுத் தோளுக்கு அது பெரிய வேறுபாடு. பரம்பரை வாத்தியத்தை வாசிக்க அவனுக்குக் காலம் இருக்கிறது என்று தாத்தாவிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்குவதற்கு முன், முடிந்தால் ஒரு மாதமாவது வாடகைக்கோ இரவலாகவோ எடுத்து வாசித்துப் பார்ப்பது நல்லது. அந்த மாதத்தில் ஆர்வம் தணிந்தால் செலவு மிச்சம். ஆர்வம் நிலைத்தால், அளவைப் பற்றிய தெளிவோடு வாங்கலாம்.

இனி நேரம். நம் இசைக் கல்வியில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை முதற் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பாடவும் வாசிக்கவும் வைத்து, பின்னரே ஒவ்வொரு முறையும் வேகத்தை இரட்டித்து இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று போவார்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. மூன்றாம் காலத்தில் அதே நேர அளவுக்குள் விரல் நான்கு மடங்கு அசைவுகளைச் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தசைநாண் பழகுவதற்கான இடைவெளியை அந்தப் பாடமுறை தானாகவே தந்துவிடுகிறது. மூன்றாம் வாரமே திரைப்பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் நாம் இழப்பது இந்த இடைவெளியைத்தான்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு எளியது. முதல் இரண்டு வாரங்கள், காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடங்களாகக் கூட்டலாம். ஒரே அமர்வில் 25 நிமிடங்களுக்கு மேல் போகாமல், எழுந்து கையை உதறி, ஐந்து நிமிடம் நடந்துவிட்டு மீண்டும் அமர வேண்டும். தேர்வுக் காலத்தில் மூன்று மணி நேரம் எழுதும் கைக்கு அன்றைய வேலை முடிந்துவிட்டது. அன்று வாத்தியம் வேண்டாம். கைப்பேசியில் கட்டை விரலால் விளையாடும் நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொல்லும்போது மட்டும் மாணவர்கள் என்னைக் கொஞ்சம் பகையாகப் பார்க்கிறார்கள். ஓய்வு என்று அவர்கள் நினைக்கும் அந்த நேரத்திலும் அதே தசைநாண்கள்தான் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

எல்லா வலியும் ஒன்றல்ல என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். கம்பி வாத்தியங்களில் விரல் நுனி எரிவதும் சிவப்பதும் இயல்பு. சில வாரங்களில் தோல் காய்ப்புக் கட்டி அது அடங்கிவிடும். வீணை வாசிப்பவர்கள் பக்கத்தில் எண்ணெய் வைத்துக்கொண்டு இடக்கை விரல்களைத் தொட்டுக்கொள்வது உராய்வைக் குறைக்கத்தான். முன்கையில் லேசான சோர்வு ஏற்பட்டு, இரவு தூங்கி எழுந்ததும் மறைந்துவிட்டால் அதற்கும் பயப்பட வேண்டியதில்லை. மறுநாள் காலையிலும் அந்த வலி இருந்தால், முந்தைய நாள் செய்ததில் பாதியைக் குறைக்க வேண்டும். கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் வைத்து மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்க்கும்போது மணிக்கட்டின் ஓரத்தில் சுரீரென்று வலித்தால், சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், இரவில் கை மரத்து விழிப்பு வந்தால், பிடித்த பொருள் நழுவினால், வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இவற்றை நீவிச் சரிசெய்ய முயல வேண்டாம். அழற்சியுள்ள தசைநாணை அழுத்தித் தேய்த்தால் அது மேலும் வீங்கக்கூடும்.

சிலருக்கு மூட்டுகள் இயல்பிலேயே அதிகமாக வளையும். கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொட முடிகிற பிள்ளைகளைப் பார்த்து, "கை நன்றாக வளைகிறது, வாத்தியம் எளிதில் வரும்" என்று வீட்டில் மகிழ்வார்கள். உண்மையில் அந்த மூட்டுகளை நிலையாக வைத்திருக்கத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால், இவர்கள் மற்றவர்களை விட விரைவில் களைத்துப்போகலாம். இவர்களுக்கு நேரத்தை இன்னும் மெதுவாகக் கூட்ட வேண்டும்.

வலித்தால்தான் விரல் திரும்பும் என்று நம்பும் பெரியவர்களிடம் நான் ஜெர்மானிய இசைக்கலைஞர் ராபர்ட் சூமானைப் பற்றிச் சொல்வதுண்டு. 1830களின் தொடக்கத்தில், இருபதைத் தாண்டிய வயதில், வலக்கை விரல் செயல் குன்றியதால் பியானோ கலைஞராகும் எண்ணத்தையே அவர் கைவிட்டார். விரலை வலுவாக்க அவர் பயன்படுத்திய ஒரு கருவிதான் காரணம் என்று சொல்வோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. பிற்காலத்தில் அவர் பெரும் இசையமைப்பாளராக ஆனார் என்பது உண்மை; அந்த விரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சிகிச்சைக்கு வரும்போது, தூக்க முடிகிற வாத்தியமாக இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். வீணையைப் போலத் தூக்கிவர முடியாததாக இருந்தால், மாணவர் வாசிப்பதைப் பக்கவாட்டிலிருந்து இரண்டு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து காட்டுங்கள். பயிற்சியின் தொடக்கத்தில் எடுக்காமல் கடைசி இரண்டு நிமிடங்களை எடுக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் நிமிர்ந்துதான் அமர்ந்திருப்பார்கள். களைத்த பிறகு தோள் எந்தப் பக்கம் ஏறுகிறது, மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதே எனக்குத் தெரிய வேண்டியது.